‘ஒத்துக்காது’ என்று சொன்னால் போதாது: கடலை ஒவ்வாமையோடு விமானம் ஏறுவது

என் அக்கா மகளுக்கு அப்போது ஆறு வயது. முதல் விமானப் பயணம், மதுரையிலிருந்து சென்னைக்கு. ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே பசிக்கிறது என்றாள். வண்டி தள்ளிக்கொண்டு வந்த பணிப்பெண்ணிடம் அக்கா, "பாப்பாவுக்கு முந்திரி ஒத்துக்காதும்மா, இந்த உப்புமாவுல இருக்கா?" என்று கேட்டாள். அந்தப் பெண் சிரித்த முகத்தோடு, "நாலஞ்சுதான் மேடம் கிடக்கும். எடுத்துப் போட்டுட்டுக் குடுங்க" என்றார்.

அக்கா கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நம் பேச்சில் கத்தரிக்காய் அரிப்பெடுத்தாலும் ‘ஒத்துக்காது’, ராத்திரியில் தயிர் சாப்பிட்டுச் சளி பிடித்தாலும் ‘ஒத்துக்காது’. அதே வார்த்தையில் உயிர் போகிற விஷயத்தைச் சொன்னால் கேட்பவர் எப்படி எடுத்துக்கொள்வார்?

அந்த அக்கா மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, நிலக்கடலை, முந்திரி இரண்டுமே ஆகாது. அது தெரிந்தது மூன்று வயதில், பேரையூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில், கடலை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு நாளில். யாரோ வறுத்த கடலை இரண்டைக் குழந்தை கையில் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் உதடு தடித்து, உடம்பெங்கும் தடிப்பு எழும்பி, குரல் கம்மிப் போனது. "கடலை பித்தம், ஒரு துண்டு வெல்லத்தைக் குடுங்க, சரியாப் போகும்" என்றார் பெரியப்பா. உசிலம்பட்டி வரைக்கும் காரில் பறந்த அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ‘பித்தம்’ என்ற பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

பித்தமும் இல்லை, செரிமானக் கோளாறும் இல்லை என்றால் இது என்ன? நம் உடம்பின் காவல்காரன் ஆளை மாற்றிப் பிடிப்பது. கிருமி வந்தால் எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பு, கடலையில் இருக்கும் புரதத்தை எதிரி என்று முடிவு கட்டிவிடுகிறது. முதல் தடவை உள்ளே போகும்போது வெளியில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். உள்ளுக்குள் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருள் தயாராகி, மாஸ்ட் செல் எனப்படும் அணுக்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த தடவை அதே புரதம் வந்ததும் அந்த அணுக்கள் ஹிஸ்டமின் முதலிய ரசாயனங்களை ஒரே நேரத்தில் கொட்டித் தீர்க்கும். தோலில் தடிப்பு, வாந்தி, தொண்டை வீக்கம், மூச்சிரைப்பு எல்லாம் அதன் விளைவுதான். ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் சரிந்தால் மயக்கம் வரும், உயிருக்கும் ஆபத்து. இந்த முழு வேகத் தாக்குதலுக்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர்.

இந்தப் பெயர் பிறந்த கதையும் ஒரு பயணத்தில்தான் தொடங்குகிறது. 1901இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் போன சார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் கடல்வாழ் உயிரிகளின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள். ஊர் திரும்பி, கடல் அனிமோன் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் தடவை தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்து மறுபடி கொடுத்தபோது அரை மணி நேரத்துக்குள் செத்தது. பழகப் பழகத் தாங்கும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது நேர்மாறாக நடந்தது அதிர்ச்சி. 1902இல் அந்தப் பெயரை வைத்தார்கள். 1913இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது. ‘கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் சரியாகிவிடும்’ என்று சொல்லும் உறவினர்களுக்கு நான் இந்த நாய்க் கதையைத்தான் சொல்வேன். சிறிய அளவில் பழக்கும் சிகிச்சை இப்போது உண்டுதான். அது ஒவ்வாமை மருத்துவரின் கண்காணிப்பில் நடப்பது. அடுப்படியில் முயன்று பார்க்கும் காரியமில்லை.

எந்தக் கடலை, எந்தப் பருப்பு?

‘கடலை’ என்ற சொல்லே நமக்கு ஒரு வம்பு. நிலக்கடலையும் கடலை, கொண்டைக்கடலையும் கடலை, சட்னிக்குப் போடும் பொரிகடலையும் கடலை. நம் ஊர் நிலக்கடலை சென்னைக்குப் போனால் வேர்க்கடலை, விழுப்புரம் பக்கம் மல்லாட்டை. ‘பருப்பு’ அதற்கு மேல்: துவரம்பருப்பும் பருப்பு, முந்திரிப்பருப்பும் பருப்பு. "பாப்பாவுக்குப் பருப்பு ஆகாது" என்று ஒருவரிடம் சொன்னதற்கு, அவர் சாம்பாரை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு முந்திரி மிதக்கும் பாயசத்தை நீட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

தாவர முறைப்படி நிலக்கடலை அவரை, துவரை வகையறா, மண்ணுக்குள் காய்க்கிற பயறு. முந்திரி, பாதாம், பிஸ்தா, அக்ரூட் எல்லாம் மரத்தில் காய்ப்பவை. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள எல்லாருக்கும் மரக்கொட்டைகள் ஆகாமல் போவதில்லை, ஆனால் சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும். முந்திரியும் பிஸ்தாவும் ஒரே குடும்பம். ஒன்று ஆகாதவர்களுக்குப் பெரும்பாலும் மற்றதும் ஆகாது. பொரிகடலையும் கொண்டைக்கடலையும் பெரும்பாலான நிலக்கடலை ஒவ்வாமைக்காரர்களுக்குத் தொந்தரவு செய்வதில்லை. தேங்காயைப் பற்றி நம்மவர்கள் ரொம்பப் பயப்படுகிறார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தன் மரக்கொட்டை ஒவ்வாமைப் பட்டியலில் பல காலம் தேங்காயையும் சேர்த்து வைத்திருந்தது. 2025 ஜனவரியில் அதை நீக்கிவிட்டது. தேங்காய் ஒவ்வாமை இல்லாமலில்லை, ஆனால் அரிது. எது ஆகும், எது ஆகாது என்று சோதனை செய்து மருத்துவர் சொல்வதுதான் உங்கள் பட்டியல். இந்தக் கட்டுரையில் உள்ளது இல்லை.

எண்ணெயிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வாமையைத் தூண்டுவது புரதம். நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது. நாம் பெருமையாக வாங்கும் செக்கு எண்ணெயில் இருக்கும். ஆரோக்கியம் என்று எல்லாரும் சொல்வதே இந்தக் குழந்தைகளுக்கு ஆபத்தாகிவிடுகிறது. இன்னொன்று, வறுத்தால் இந்தப் புரதம் அழிவதில்லை. நிலக்கடலையை வறுக்கும்போது அதன் ஒவ்வாமைத் திறன் கூடத்தான் செய்கிறது.

விமானத்தில் என்ன விசேஷம்?

பரோட்டா சால்னாவில் அரைத்துவிட்ட முந்திரி, சட்னியில் சேர்த்த கடலை, ஜிகர்தண்டா கடையில் எல்லா டம்ளருக்கும் ஒரே கரண்டி என்று மதுரைத் தெருவில்தான் ஆபத்து அதிகம். பாதாம் பிசின் மரத்தின் கோந்து, கொட்டை கிடையாது. அந்த டம்ளரின் மேல் தூவுகிறார்களே பாதாமும் பிஸ்தாவும், அதில்தான் சிக்கல். பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்காக ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியான கட்டுரையும் இதையே சொல்கிறது: தரையில் நடப்பதைவிட விமானத்துக்குள் உணவு ஒவ்வாமைத் தாக்குதல்கள் பல மடங்கு குறைவு. ஒவ்வாமை உள்ளவர்கள் விமானத்தில் இன்னும் கவனமாக இருப்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் பயம் எதற்கு? தெருவில் நடந்தால் 108ஐக் கூப்பிடலாம், ஆட்டோ பிடிக்கலாம். மேலே அது முடியாது. மதுரை–சிங்கப்பூர் ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம், வழியில் பாதிக்கு மேல் கீழே கடல்தான். அவசரமாக இறக்குவதென்றாலும் நேரமெடுக்கும். போதாக்குறைக்கு, விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதுபோல வைக்கப்படுகிறது. அதாவது நீங்கள் கொடைக்கானல் ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. மூச்சுக்குழாய் சுருங்கியவருக்கு அந்தக் குறைந்த ஆக்சிஜன் கூடுதல் பாரம். ஆஸ்துமாவும் இருக்கிற குழந்தை என்றால் பயணத்துக்கு முன் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும்.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி. யாரோ நாலு வரிசை தள்ளி முந்திரி டப்பாவைத் திறந்தால் காற்றில் வந்து தாக்குமா? இதில்தான் பயம் ஒரு பக்கமும் ஆபத்து இன்னொரு பக்கமும் நிற்கின்றன. கடலை வாசனை வேறு, கடலைப் புரதம் வேறு. வறுத்த கடலையின் மணம் ஆவியாகிப் பரவும் சிறிய வேதிப்பொருள்களால் வருவது. அதில் புரதம் கிடையாது. மணம் வந்தால் குழந்தைக்குக் குமட்டலாம், பயத்தில் படபடக்கலாம், அனாஃபிலாக்சிஸ் வராது. விமானத்தில் காற்று மேலிருந்து கீழாக, அந்தந்தப் பகுதிக்குள்ளேயே சுற்றும். தலையிலிருந்து வால் வரை ஓடாது. மணிக்கு 20 முதல் 30 தடவை காற்று மாறுகிறது. பெரும்பாலான ஜெட் விமானங்களில் சுழற்சிக் காற்று ஹெப்பா வடிகட்டி வழியாகப் போகும். அது 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் இன்னும் உஷாராக இருக்கிறேன். வறுத்த கடலையை உள்ளங்கையில் தேய்த்து, வாயருகே கொண்டுபோய் ஃபூ என்று ஊதுவோமே, அந்தச் சிவப்புத் தோல். ஓடு உடைக்கும் இடத்திலும் தோல் உரிக்கும் இடத்திலும் மட்டும் காற்றில் புரதம் பிடிபட்டதாகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதுவும் பக்கத்திலேயே, கொஞ்ச நேரத்துக்கு. பிறகு கீழே படிந்துவிடும். படிவது எங்கே? மடக்கு மேசையில், கைப்பிடியில், சீட் பெல்ட் கொக்கியில். அங்கிருந்து குழந்தையின் விரலுக்கு, விரலிலிருந்து வாய்க்கு. காற்றைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இந்த விரலை விட்டுவிடுகிறார்கள்.

புறப்படும் முன்

மருந்துதான் முதல் சாமான். அனாஃபிலாக்சிஸை நிறுத்தும் மருந்து அட்ரினலின் ஒன்றுதான். ரத்தக் குழாயை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும், மூச்சுக்குழாயைத் திறக்கும், ரசாயனங்கள் மேலும் கொட்டுவதைத் தடுக்கும். நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் எடுத்துப் போடும் அவில் மாத்திரையோ செட்ரிசினோ இந்த மூன்றில் ஒன்றையும் செய்யாது. அரிப்பைத் தணிக்கும், அவ்வளவுதான். அரிப்பு தணிந்ததும் ‘சரியாகிவிட்டது’ என்று நாம் ஏமாந்துபோக வழி செய்யும். அதனால்தான் எனக்கு அதன் மேல் கோபம்.

தானாகக் குத்தும் பேனா வடிவ ஊசி வெளிநாடுகளில் சர்வ சாதாரணம். குழந்தைகளுக்கு 0.15 மில்லிகிராம், பெரியவர்களுக்கு 0.3 என்று வரும். ஊசியே இல்லாமல் மூக்கில் அடிக்கும் அட்ரினலினுக்கு அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. நம் ஊர் மருந்துக்கடையில் போய்க் கேட்டால் இதெல்லாம் அலமாரியில் இருக்காது. சிலர் வெளிநாட்டு உறவினர் மூலம் வரவழைத்துக்கொள்கிறார்கள். எங்களைப் போன்ற பலருக்கு மருத்துவர் சாதாரண ஆம்பூலும் சிரிஞ்சும் எழுதிக்கொடுத்து, எந்தக் கோடு வரை ஏற்ற வேண்டும் என்று பழக்கிவிடுகிறார். கணக்கு ஒரு கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம். குழந்தை வளர வளர அளவும் மாறும், ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் மருத்துவரிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். நானும் அக்காவும் சாத்துக்குடிப் பழத்தில் தண்ணீர் ஊசி போட்டுப் பழகினோம். ஆம்பூல் கழுத்தை உடைக்கும்போது கை நடுங்கி இரண்டு ஆம்பூல் பாழானது. வீட்டில் வீணானது நல்லதுதான்.

இரண்டு வேளைக்கான மருந்து கைப்பையில் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. தலைக்கு மேல் இருக்கும் பெட்டியிலும் வேண்டாம், காலடியில் வையுங்கள். அட்ரினலின் 25 டிகிரிக்குள் இருக்க விரும்பும் மருந்து. நம் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் அரை மணி நேரம் கிடந்தால் அதன் கதி என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதற்காக ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது. நிறம் மாறி இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

ஊசி, சிரிஞ்ச் எடுத்துப் போக மருத்துவர் கடிதம் வேண்டும். ஆங்கிலத்தில், லெட்டர்பேடில், என்ன ஒவ்வாமை, என்ன மருந்து, ஏன் கையிலேயே இருக்க வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். மதுரை விமான நிலையத்தில் செக்யூரிட்டியில் ஒருவர் எங்கள் பையைத் திறந்து, சிரிஞ்சைப் பார்த்து, "சுகரா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். கடிதத்தைக் காட்டினோம். படித்துவிட்டுக் குழந்தையை ஒரு தடவை பார்த்தார். பையை அவரே மூடிக் கொடுத்தார்.

டிக்கெட் போடும்போதே நிறுவனத்துக்குச் சொல்லி, சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் அறிவிப்புச் செய்வார்கள், சிலர் முதலில் ஏற விடுவார்கள், சிலர் ஒன்றும் செய்ய மாட்டார்கள். கடலையே இல்லாத விமானம் என்று உறுதி தருபவர்கள் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். நிறுவனம் கொடுக்காவிட்டாலும் பக்கத்து சீட்டுக்காரர் பையில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருக்கும். அதைத் தடுக்க யாரால் முடியும்?

சாப்பாடு வீட்டிலிருந்துதான். சிறப்பு உணவுப் பட்டியலில் ‘இந்திய சைவம்’ என்று டிக் அடித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். நம் சைவச் சமையலில்தான் முந்திரி தாராளமாக விழும். கப்பில் வெந்நீர் ஊற்றித் தரும் உப்புமாவிலும் அவலிலும் முந்திரியோ கடலையோ இருப்பது சகஜம். வீட்டுச் சாப்பாட்டிலும் ஒரு கண் வேண்டும். பயணம் என்றால் எங்கள் அம்மாவுக்குப் புளியோதரைதான். "கடலை போடாத புளியோதரை என்னடா புளியோதரை" என்று முணுமுணுத்துக்கொண்டே கொண்டைக்கடலை போட்டுத் தாளித்துக் கொடுத்தார். நன்றாகவே இருந்தது, ஆனால் அதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

காத்திருக்கும் நேரத்தில் எதையாவது வாங்குவதென்றால் மூடிய பாக்கெட்டாக வாங்குங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி பாக்கெட் உணவில் நிலக்கடலை, மரக்கொட்டை இருந்தால் அதைத் தனியாக அச்சிட வேண்டும். கண்ணாடி அலமாரியில் அடுக்கிய கேக்குக்கும் பஃப்ஸுக்கும் அந்தத் துணை இல்லை. 2016இல் லண்டனிலிருந்து பிரான்சுக்குப் பறந்த 15 வயதுப் பெண் ஒருத்தி, விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியில் எள் இருந்தது தெரியாமல் சாப்பிட்டு, விமானத்திலேயே நிலைமை மோசமாகி இறந்துபோனாள். மாவோடு பிசைந்த எள், மேலே தெரியவில்லை. உறையில் எழுதவும் இல்லை. கடையிலேயே பொட்டலம் கட்டி விற்கும் உணவுக்கும் முழு விவரம் அச்சிட வேண்டும் என்று பிரிட்டனில் 2021 அக்டோபரில் வந்த விதிக்கு ‘நடாஷா சட்டம்’ என்று அவள் பெயரே நிலைத்துவிட்டது. அவள் விமானத்தில் கொடுத்த உணவைச் சாப்பிட்டு நோகவில்லை, ஏறுவதற்கு முன் வாங்கியதுதான் ஆபத்தானது. ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தலைகாட்டும். ஆகவே புறப்படும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து பழகாத எதையும் கொடுக்காமல் இருப்பது எங்கள் வீட்டு விதி.

சீட்டில் உட்கார்ந்ததும்

சிங்கப்பூர் போனபோது வெட் வைப்ஸ் ஒரு பெரிய பாக்கெட் கொண்டுபோனோம். மடக்கு மேசையை இறக்கித் துடைத்தேன், அதை மேலே பூட்டும் திருகையும் சேர்த்து. கைப்பிடி, பெல்ட் கொக்கி, ஜன்னல் மறைப்பைத் தூக்கும் விளிம்பு. முன் சீட்டின் பையை விரித்துப் பார்த்தேன். இரண்டு மிட்டாய்க் காகிதமும், மடிப்புக்குள் ஒரு பாதிப் பிஸ்தா ஓடும் கிடந்தன. அந்தப் பைக்குள் கை விடக் கூடாது என்று குழந்தையிடம் சொல்லி, மேலே ஒரு துண்டைச் சொருகினேன். சானிடைசர் கடலைப் புரதத்தை எடுக்காது. கிருமியைக் கொல்லும், புரதம் அங்கேயே இருக்கும். வெறும் தண்ணீரும் சரிப்படாது. சோப்புப் போட்டுக் கழுவுவதும் வெட் வைப்ஸால் துடைப்பதும் பலன் தரும் என்பது சோதித்துப் பார்த்த விஷயம்.

பணிப்பெண்ணிடம் அக்கா இந்த முறை ‘ஒத்துக்காது’ என்ற சொல்லை எடுக்கவே இல்லை. "இவளுக்குக் கடலை, முந்திரி, பிஸ்தா ஒரு துணுக்கு வாயில் பட்டாலும் மூச்சு நின்றுவிடும். ஊசி இந்தப் பையில் இருக்கிறது. எப்படிப் போடுவது என்று எங்களுக்குத் தெரியும்" என்றாள். மூன்றே வாக்கியம். அந்தப் பெண் முகம் மாறிப்போய், மூத்த பணியாளரை அழைத்து வந்தார். எங்கள் வரிசைக்கும் முன்பின் வரிசைகளுக்கும் முந்திரி விற்கவில்லை.

பக்கத்து சீட்டில் ஒரு வயதான அம்மா. மகன் வீட்டுக்கு முதல் தடவையாகப் போகிறார். விமானம் மேலே ஏறி விளக்கு அணைந்ததும் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். கடலை உருண்டை. "ஏப்பா, பிள்ளைக்கு ஒண்ணு குடு" என்று நீட்டினார்.

"ஆத்தா, கடலை தின்னா இவளுக்கு மூச்சு அடைச்சு உயிருக்கே ஆபத்தாயிரும்."

"பித்தமாப்பா?"

"பித்தம் இல்லாத்தா. பாம்பு கடிச்ச மாதிரி."

அவர் அப்படியே பொட்டலத்தை மூடி, கைப்பைக்குள் போட்டு, பையையும் சேலைத் தலைப்பால் மூடினார். நான் நீட்டிய வெட் வைப்ஸை வாங்கி விரல் விரலாகத் துடைத்தார். ஒவ்வாமை விஷக்கடி இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் நேரத்துக்கு மருந்து போடாவிட்டால் ஆள் தங்காது என்பதை நம் ஊரில் ஒரு நொடியில் புரியவைக்கும் வேறு உவமை எனக்கு இன்றுவரை அகப்படவில்லை.

மேலே வைத்து வந்துவிட்டால்?

தடிப்போடு நின்றால் ஒரு கண் வைத்திருக்கலாம். தடிப்போடு வாந்தியோ, இருமலோ, குரல் கம்முவதோ, மூச்சில் சத்தமோ, தலைசுற்றலோ சேர்ந்தால் யோசிக்கவே கூடாது. தடிப்பே இல்லாமல் மூச்சு மட்டும் திணறினாலும் அப்படித்தான். தொடையின் வெளிப்பக்க நடுவில், தேவைப்பட்டால் துணிக்கு மேலேயே, அட்ரினலின் போட வேண்டும். பிறகு பணியாளரைக் கூப்பிடுங்கள். விமானத்திலும் மருத்துவப் பெட்டி இருக்கும், பயணிகளில் மருத்துவர் யாரேனும் இருக்கிறாரா என்று அறிவிப்பார்கள், தரையில் உள்ள மருத்துவரிடம் பேசுவார்கள். இதெல்லாம் ஊசி போட்ட பிறகு நடக்கட்டும். ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் தேறவில்லையென்றால் இரண்டாவது ஊசி. போட்டதும் இதயம் படபடக்கும், கை நடுங்கும், முகம் வெளுக்கும். அது மருந்து வேலை செய்வதன் அடையாளம், சிறிது நேரத்தில் அடங்கிவிடும்.

இதில் ஒன்றைப் பலரும் அறிவதில்லை. வாந்தி வருகிறது என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்கு ஓடாதீர்கள். அழுத்தம் சரிந்திருக்கும் நேரத்தில் எழுந்து நிற்பதே ஆளைச் சாய்த்துவிடும். சீட்டிலேயே, அல்லது நடைபாதையில், படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம், நடக்க வைக்கக் கூடாது. வாந்தி எடுக்கப் பை எதிரிலேயே இருக்கிறது. தேறிவிட்டாலும் இறங்கியதும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில மணி நேரம் கழித்துத் தாக்குதல் மறுபடி கிளம்புவது உண்டு.

எங்களுக்கு அது தேவைப்படவில்லை. சிங்கப்பூரில் இறங்கிய பிறகு வேறு வேலை இருந்தது, பெயர் படிப்பது. மதுரையிலிருந்து நம்மவர்கள் போகும் ஊர்களுக்கு ஏற்ப இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கொழும்பில் இறங்கினால் அங்குள்ள தமிழில் நிலக்கடலை ‘கச்சான்’. சிங்களத்தில் ‘ரட்டகஜு’. வெறும் ‘கஜு’ என்றால் முந்திரி. துபாயில் அரபியில் நிலக்கடலை ‘ஃபூல் சூடானி’, அங்குள்ள இனிப்புக் கடைகளில் பிஸ்தா படாத தட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சிங்கப்பூரில் மலாய்ச் சொல் ‘காச்சாங்’. அது பயறு, கடலை எல்லாவற்றுக்கும் பொது, நம் ‘கடலை’ மாதிரியே வம்பான சொல். நிலக்கடலை என்றால் ‘காச்சாங் தானா’. சாத்தே என்ற கம்பிக் கறிக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பே அரைத்த நிலக்கடலைதான். ரோஜாக் என்ற பழக் கலவையிலும் பொடித்துத் தூவுவார்கள்.

மருமகள் ஒரு மலாய் வாக்கியத்தை விமானத்திலேயே கற்றுக்கொண்டாள். ‘தாக் போலே மாக்கான் காச்சாங்’, கடலை சாப்பிட முடியாது. முதல் நாள் சாப்பாட்டுக் கடையில் அதைச் சொன்னதும், கரண்டியோடு நின்ற அம்மையார் குனிந்து அவளைப் பார்த்து ஏதோ கேட்டார். எங்களுக்குப் புரியவில்லை. அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் செருகி, தலையைத் தொங்கவிட்டுக் காட்டினாள். அம்மையார் கரண்டியை வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, வேறு வாணலியை அடுப்பில் ஏற்றினார்.